பொதிகை முதல் உவரி வரை: நிலக்காட்சி லென்ஸ்களை நம் மண்ணிலேயே சோதித்து ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நண்பர் வட்டத்தில் இரண்டு படங்கள் சுற்றுக்கு வந்தன. இரண்டிலும் பொதிகை மலை. இரண்டும் அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்வெளியிலிருந்து எடுத்தவை. ஒன்றில் மலையின் மடிப்புகள் கத்தியால் கீறியதுபோல் தெளிந்து நின்றன. மற்றதில் மலையே ஒரு சாம்பல் நிழலாகக் கிடந்தது. முதல் படத்தின் லென்ஸ் உயர்ந்தது, இரண்டாவது மட்டமானது என்று மூன்று நாள் வாதம் நடந்தது. இரண்டாவது லென்ஸின் உரிமையாளர் அதை விற்றுவிடும் முடிவுக்கே வந்துவிட்டார். பிறகுதான் எடுத்த நேரத்தைக் கேட்டோம். முதல் படம் கார்த்திகையில், இரவு முழுக்கப் பெய்து ஓய்ந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு எடுத்தது. இரண்டாவது, சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு. மூன்று நாளாக நாங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது கார்த்திகைக் காற்றையும் சித்திரைக் காற்றையும்தான்.

அந்த லென்ஸ் விற்கப்படவில்லை. இன்றும் நல்ல படங்களைத் தந்துகொண்டிருக்கிறது. அந்த வாதத்துக்குப் பிறகு நாங்கள் மெல்ல மெல்ல வகுத்துக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆய்வுக்கூடமும் சோதனை அட்டையும் இதற்குத் தேவையில்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து நிலமும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் நெல்லைச் சீமை இது. லென்ஸின் ஒவ்வொரு குணத்தையும் சோதிக்க இங்கே ஒவ்வோர் இடம் இருக்கிறது.

முதல் படி: எந்த நிலத்துக்கு எந்தக் குவியத்தூரம்

லென்ஸின் தரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் குவியத்தூரத்தை, அதாவது லென்ஸ் எவ்வளவு அகலமாகவோ நெருக்கமாகவோ காட்டும் என்பதைச் சொல்லும் மில்லிமீட்டர் எண்ணை, முடிவு செய்ய வேண்டும். இங்கே நான் சொல்லும் மில்லிமீட்டர் கணக்கெல்லாம் 36×24 மி.மீ. சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கானது. உங்களுடையது அதைவிடச் சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமரா என்றால் 1.5 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களின் கேமராக்களில் அது 1.6. அதாவது நான் 24 என்று சொன்னால் உங்களுக்கு ஏறக்குறைய 16.

நிலக்காட்சி என்றதும் எல்லாரும் அகன்ற பார்வை தரும் வைட் ஆங்கிள் லென்ஸைத்தான் தேடுகிறார்கள். நம் ஊரில் முதல் ஏமாற்றமே அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சமவெளியிலிருந்து 1,800 மீட்டர் எழும் மலையை 20 கிலோமீட்டர் தொலைவில் நின்று பார்த்தால் அது கண்ணுக்கு 5 டிகிரி உயரம்தான் இருக்கும். 24 மி.மீ. லென்ஸின் செங்குத்துப் பார்வை 53 டிகிரி. அப்படியானால் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான் மலை. மீதி முழுவதும் வானமும் வயலும். 100 மி.மீ. லென்ஸில் அதே மலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிற்கும். 200 மி.மீ. லென்ஸில் முக்கால் பங்கு. கண்ணுக்கு அத்தனை பெரிதாகத் தெரிந்த பொதிகை படத்தில் சிறுத்துப் போவதற்குக் காரணம் இதுதான். அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது 70-200 வகை ஜூம். வைட் ஆங்கிள் அதற்குப் பிறகு.

மருத நிலத்துக்கு, அதாவது தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்து வயல்களுக்கு, 24 முதல் 35 வரை பொருந்தும். பிசானப் பருவ நெல்லுக்கு நாற்று நட்ட புதிதில் வயலெல்லாம் கண்ணாடியாக நிற்கும்; வரப்பின் வளைவு முன்னே, மலை பின்னே. ஆனால் 24-க்குக் கீழே போனால் மலை காணாமல் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். முல்லைக்கு, களக்காடு, திருக்குறுங்குடி மலையடிவாரத்து மேய்ச்சல் காடுகளுக்கு, 35 முதல் 50 வரை போதும். கண் பார்ப்பதை அப்படியே காட்டுகிற நிலம் அது. நெய்தலுக்கு 16 முதல் 24 வரை. அலையை நெருங்கித் தாழ நின்றால்தான் கடல் பேசும்.

திசையன்விளையைச் சுற்றியும் அதற்கு வடகிழக்கே குதிரைமொழி வரையும் விரியும் பாலை போன்ற செம்மணல் நிலமான தேரிக்காடுதான் எனக்கு மிகவும் பிடித்த நிலம். அங்கே இரண்டு லென்ஸ் தேவை. காற்று வரைந்த மணல் வரிகளுக்குத் தரையோடு தரையாக 20 அல்லது 24. சிவந்த மேட்டுக்குப் பின் இன்னொரு மேடு, அதற்குப் பின் பனை, அதற்கும் பின் வடலி எனும் இளம்பனைக் கூட்டம் என்று அடுக்கடுக்காகச் சேர்த்துக் காட்ட 85 முதல் 135 வரை. நடுவே இருக்கும் 35-ஐயும் 50-ஐயும் தேரியில் நான் வெளியே எடுப்பதே அரிது.

இரண்டாம் படி: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பது

நம் பக்கம் மலை மேற்கே இருக்கிறது. இந்த ஒன்று எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காலை வெயில் மலையின் முகத்தில் நேராக விழும். பாறையின் பிளவு, அருவியின் வெள்ளைக் கோடு, சோலைக்காட்டின் கரும்பச்சை எல்லாம் அப்போதுதான் தெரியும். மாலையில் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் மலை வெறும் கறுப்பு வடிவமாகிவிடும். பாபநாசம் போல அடிவாரத்தை ஒட்டிய ஊர்களில் நாட்காட்டி சொல்லும் நேரத்துக்கு முன்பே வெயில் மறைந்துவிடும். ஆகவே மலையின் நுணுக்கத்தை வைத்து லென்ஸைச் சோதிப்பவர் காலையில் போக வேண்டும். எதிர்வெயிலில் சோதிப்பவர் மாலையில்.

ஆனி, ஆடியில் ஒப்பீட்டுச் சோதனை வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்களின் வழியே பாய்ந்துவரும் மாதங்கள் அவை. பணகுடி, காவல்கிணறு பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். பனை ஓலை ஆடும், டிரைபாட் நடுங்கும், முடிவில் பழி லென்ஸ் மேல் விழும். அந்த மாதங்களைச் சாரலுக்கும் மேகத்துக்கும் விட்டுவிடுங்கள். படம் எடுக்க அதைவிட நல்ல காலம் இல்லை. சோதனைக்கு மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை, காலை ஏழு முதல் ஒன்பது மணிக்குள். காற்று அடங்கியிருக்கும், தரை சூடேறியிருக்காது.

தரைச் சூட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தேரியில் பத்து மணிக்கு மேல் 200 மி.மீ. லென்ஸால் தொலைவிலுள்ள பனையை எடுத்தால் அடிமரம் நெளிந்து தெரியும். அது கானல். சூடான மணலுக்கு மேலுள்ள காற்றின் அடர்த்தி நொடிக்கு நொடி மாறுவதால் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அங்கே மங்கலாகத்தான் தெரியும். புது டெலி வாங்கியவுடன் அதை நண்பகல் தேரியில் சோதித்து மனம் உடைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாம் படி: பனை வரிசைச் சோதனை

எங்கள் முறையின் உயிர் இந்தச் சோதனையில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேரான கரையுள்ள ஒரு குளத்தைக் கண்டுபிடியுங்கள். எதிர்க்கரையில் பனைகள் வரிசையாக நிற்க வேண்டும். உங்களுக்கும் அவற்றுக்கும் இடையே இருநூறு, முந்நூறு மீட்டர் இருக்க வேண்டும். நம் சீமையில் இதற்குப் பஞ்சமே இல்லை. பனையைவிடச் சிறந்த சோதனை அட்டையை யாரும் அச்சடித்துவிட முடியாது. விரிந்த ஓலையின் நுனிகள் ஊசிபோல் கூர்மையானவை. பின்னால் வெளிர்வானம் இருப்பதால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே உச்சபட்ச வேறுபாடு கிடைக்கிறது. வரிசையாக நிற்பதால் படத்தின் இடது ஓரம் முதல் வலது ஓரம் வரை ஒரே தொலைவில் ஒரே வகைப் பொருள் கிடைக்கிறது.

கேமராவை டிரைபாடில் வைத்து, கரைக்கு நேர் எதிராக, சாய்வில்லாமல் நிறுத்துங்கள். டிரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அசைவுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு அளவு 100. படக்கோப்பு கேமரா திருத்தாத ரா வடிவில். வெள்ளைச் சமநிலை வெயில் என்பதில் நிலையாக இருக்கட்டும். தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் நிறம் மாறி, லென்ஸின் நிறத்தை மதிப்பிட முடியாமல் போகும். ஷட்டரை விரலால் அழுத்தாமல் இரண்டு நொடி டைமரில் விடுங்கள்.

ஃபோகஸ்தான் பெரும்பாலான ஒப்பீடுகளைக் கெடுக்கிறது. தானியங்கி ஃபோகஸை அணைத்து, திரையில் நடுப்பனையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஓலை நுனி கூர்மையாகும்வரை கையால் திருப்புங்கள். ஒவ்வோர் அப்பர்ச்சருக்கும், அதாவது லென்ஸ் துளையின் ஒவ்வோர் அளவுக்கும், மூன்று படம், ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி வைத்து. மூன்றில் சிறந்ததை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். லென்ஸின் முழுத் திறப்பில் தொடங்கி எஃப் 4, 5.6, 8, 11, 16 என்று போக வேண்டும்; எஃப் எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். அப்பர்ச்சர் குறையும்போது ஷட்டர் நேரத்தைக் கூட்டி வெளிச்சத்தைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு லென்ஸ்களை ஒப்பிடும்போது முதல் லென்ஸ், இரண்டாம் லென்ஸ், மறுபடியும் முதல் லென்ஸ் என்ற வரிசையில் எடுங்கள். முதலில் எடுத்ததும் கடைசியில் எடுத்ததும் ஒரே மாதிரி இருந்தால்தான் இடையில் காற்றோ வெளிச்சமோ மாறவில்லை என்று பொருள். அவை வேறுபட்டால் அன்றைய சோதனை முழுவதையும் தள்ளிவிடுங்கள். எனக்கு ஒருமுறை அரைமணி நேரத்துக்குள் குளத்து நீரிலிருந்து எழுந்த பனிமூட்டம் இப்படிச் செய்தது. முதல் லென்ஸால் மறுபடியும் எடுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் நல்ல லென்ஸ் ஒன்றுக்குக் கெட்ட பெயர் வந்திருக்கும்.

படங்களில் என்ன பார்ப்பது? நடுப்பனையின் ஓலை நுனி பிரிந்து தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். நடுவில் அநேகமாக எல்லா லென்ஸும் தேறிவிடும். வேறுபாடு ஓரத்தில்தான். ஓரப்பனையின் ஓலை எந்த அப்பர்ச்சரில் தெளிவாகத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நல்ல லென்ஸில் அது எஃப் 4-லேயே நடக்கலாம். சாதாரண லென்ஸில் எஃப் 8-க்கு வர வேண்டியிருக்கலாம். நிலக்காட்சியை எப்படியும் எஃப் 8-இல் எடுப்பவருக்கு அந்த வேறுபாட்டுக்காகப் பெரும்பணம் தேவையா என்று யோசிக்க இடம் கிடைக்கும்.

ஓலை விளிம்பில் ஊதா அல்லது பச்சைக் கோடு தெரிந்தால் அது நிறப்பிறழ்ச்சி. வெவ்வேறு நிற ஒளியைக் கண்ணாடி வெவ்வேறு அளவில் வளைப்பதால் வருவது. படத்தின் ஓரங்களில் வரும் இந்தக் கோட்டை மென்பொருள் சுலபமாக நீக்கிவிடும், ஆகவே அதற்காக ஒரு லென்ஸை ஒதுக்க வேண்டாம். வானத்தின் மூலைகள் இருண்டு தெரிவதும் அப்படியே. இரண்டு படி அப்பர்ச்சரைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு படி என்பது ஒளி பாதியாவது.

எஃப் 16-இல் எல்லா லென்ஸும் கொஞ்சம் மங்கும். கவலை வேண்டாம், பள்ளியில் படித்த விளிம்பு விளைவுதான். சிறிய துளை வழியே போகும் ஒளி விரிந்துவிடுகிறது. எஃப் 16-இல் ஒரு புள்ளி ஏறத்தாழ 0.021 மி.மீ. அகலத்துக்கு விரியும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. தான். ஒரு புள்ளி மூன்று பிக்சலுக்கு மேல் பரவினால் கூர்மை எங்கே நிற்கும்? விலையுயர்ந்த லென்ஸுக்கும் மலிவான லென்ஸுக்கும் இங்கே ஒரே விதி.

நான்காம் படி: நான்கு மூலைகள்

பழைய லென்ஸ் வாங்குபவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. நானே ஒரு வைட் ஆங்கிள் லென்ஸைப் பழையதாக வாங்கி, ஒரு மழைக்காலம் முழுவதும் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தப் படத்திலும் இடப்பக்கம் மங்கல். ஒரு நண்பர் சொல்லி, ஒரே பனையின் கொண்டையை நான்கு மூலைகளிலும் மாறி மாறி வைத்து நான்கு படம் எடுத்தேன். மூன்று மூலைகளில் கூர்மை. இடது மேல் மூலையில் மட்டும் ஓலை பஞ்சாகக் கிடந்தது. எப்போதோ கீழே விழுந்து உள்ளிருக்கும் கண்ணாடி ஒன்று அச்சிலிருந்து விலகிய லென்ஸ் அது. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கினால் அது வடிவமைப்பின் இயல்பு. ஒன்று மட்டும் மங்கினால் அந்த லென்ஸில் பழுது. இணையத்தில் நீங்கள் படிக்கும் மதிப்பீடுகள் ஒரு வகை லென்ஸைப் பற்றிப் பேசுகின்றன. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு லென்ஸைப் பற்றி உங்கள் பனைதான் பேசும். பழைய லென்ஸுக்குப் பணம் கொடுக்கும் முன்பே இந்த நான்கு படங்களை எடுக்க அனுமதி கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கடல், எதிர்வெயில், நீர்

உவரிக் கடற்கரைக்கு விடியுமுன் போங்கள். தொடுவானத்தை படத்தின் மேல் ஓரத்தை ஒட்டி வைத்து ஒரு படம், கீழ் ஓரத்தை ஒட்டி ஒரு படம். இயற்கையில் இதைவிட நேரான கோடு கிடைக்காது. கோடு வில்லாக வளைந்தால் லென்ஸ் நேர்கோட்டை வளைக்கிறது. இக்கால மிரர்லெஸ் கேமராக்களின் லென்ஸ்கள் பலவற்றில் மென்பொருள் திருத்தத்தை நம்பியே வடிவமைப்பு செய்யப்படுவதால், திருத்தத்துடன் ஒன்று, திருத்தம் இல்லாமல் ஒன்று என இரண்டையும் பாருங்கள். திருத்தத்துக்குப் பிறகு மூலைகள் எவ்வளவு இழுபட்டு மென்மையாகின்றன என்பதே கவனிக்க வேண்டியது.

சூரியன் எழுந்ததும் எதிர்வெயில் சோதனை. சூரியனை முதலில் படத்தின் மூலையில், பிறகு படத்துக்குச் சற்று வெளியே வைத்து எடுங்கள். இரண்டாவதுதான் கடினமான சோதனை. பல லென்ஸ்கள் சூரியன் உள்ளே இருக்கும்போது தாக்குப்பிடித்து, வெளியே போனதும் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். லென்ஸ் கண்ணாடியின் மேல் மெல்லிய படலம் பூசிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் முறையை ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இல் கண்டுபிடித்தார். இன்றைய லென்ஸ்களில் பத்து, பதினைந்து கண்ணாடிகள் இருப்பது சாதாரணம். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் எதிர்வெயிலில் படமே கிடைக்காது. பூச்சு எவ்வளவு நல்லது என்பதை எந்த அட்டவணையும் சரியாகச் சொல்வதில்லை. உவரிச் சூரியன் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். லென்ஸின் முனையில் மாட்டும் நிழல் மூடியான ஹூட் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று எடுக்க மறவாதீர்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனை. முன்னால் ஒரு மலிவான கண்ணாடி இருந்தால் நீங்கள் சோதிப்பது அதைத்தான்.

அதே இடத்தில் எஃப் 16-இல் சூரியன் நட்சத்திரமாக விரிவதையும் பார்க்கலாம். அப்பர்ச்சர் இதழ்கள் எட்டு என்றால் எட்டுக் கதிர்; ஏழு என்றால் பதினான்கு. இதில் நல்லது கெட்டது கிடையாது, அவரவர் விருப்பம்.

அருவிக்கு வருவோம். குற்றாலம் 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும் நெல்லைச் சீமைக்காரர் மனத்தில் அது பிரிந்ததே இல்லை. சீசனில் கூட்டம் இருக்கும், ஆகவே பாறையும் நீரும் மட்டும் விழும்படி 50 முதல் 100 வரையிலான லென்ஸால் பகுதி பகுதியாக எடுப்பதே நல்லது. நீர் பட்டுநூலாகத் தெரிய ஷட்டர் கால் நொடி முதல் ஒரு நொடி வரை வேண்டும். நிழலில் 1/60 நொடி காட்டுகிற இடத்தில் ஒளியை மட்டுப்படுத்தும் ஆறு படி என்டி ஃபில்டர் போட்டால் ஒரு நொடி கிடைக்கும். அது ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைப்பதால்.

ஈரப்பாறையின் பளபளப்பை அடக்க போலரைசர். ஆனால் இந்த ஃபில்டரை நம் ஊரில் பலர் தவறான திசையில் பயன்படுத்துகிறார்கள். வானத்தின் நீலத்தை அது ஆழப்படுத்துவது சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள பகுதியில்தான். காலையில் கிழக்கே சூரியன், மேற்கே மலை. முதுகில் வெயில் படப் பொதிகையை எடுக்கும்போது போலரைசரால் அந்த வானத்துக்குப் பெரிய பயன் இல்லை, ஒன்று முதல் இரண்டு படி ஒளிதான் நட்டம். வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ எடுக்கும்போது போடுங்கள். 24-க்குக் கீழான லென்ஸில் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்துத் திட்டாகத் தெரியும்.

ஆறாம் படி: முன்னும் பின்னும் தெளிவு

நாற்றும் மலையும் ஒரே படத்தில் தெளிவாக வேண்டும் என்றால் ஃபோகஸ் எங்கே வைப்பது? 24 மி.மீ. லென்ஸ், எஃப் 8 என்றால் 2.4 மீட்டரில் வைத்தால் 1.2 மீட்டர் முதல் மலை வரை ஏற்கத்தக்க தெளிவு வரும். 35 மி.மீ. என்றால் 5.1 மீட்டரில். 200 மி.மீ. லென்ஸில் இந்தத் தூரம் 167 மீட்டர் ஆகிவிடும். அங்கே வரப்பையும் மலையையும் சேர்த்துத் தெளிவாக்கும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். இந்தக் கணக்கு பழைய ஃபிலிம் காலத்து அளவுகோலில் வந்தது. பெரிய அச்சு எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஃபோகஸை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து, அப்பர்ச்சரை எஃப் 11-க்குக் குறையுங்கள். என் அனுபவத்தில் முன்னால் இருக்கும் நாற்று சற்று மென்மையாவதைக் கண் மன்னிக்கும். மலை மங்குவதை மன்னிக்காது.

ஏழாம் படி: பகிர்வதும் ஒப்பிடுவதும்

ரசிக்கப் பகிரும் படம் வேறு, சோதனைக்குப் பகிரும் படம் வேறு. இரண்டையும் கலக்காதீர்கள். ரசிக்கும் படத்தில் நிறத்தைத் திருத்துங்கள், மூட்டத்தை நீக்குங்கள், உங்கள் மனத்துக்குப் பட்டபடி செய்யுங்கள். ஆனால் அதன் கீழே "இந்த லென்ஸின் அருமையைப் பாருங்கள்" என்று எழுதாதீர்கள். சோதனைப் படத்தில் கூர்மைத் திருத்தம், மூட்டம் நீக்கல் எதுவும் கூடாது.

சோதனைப் படத்தோடு போக வேண்டிய விவரங்கள்: கேமரா, லென்ஸ், குவியத்தூரம், அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, ஃபோகஸ் வைத்த பொருள், டிரைபாட் உண்டா, மாதமும் மணியும். கடைசி இரண்டும் இல்லாத ஒப்பீட்டை எங்கள் வட்டத்தில் இப்போது யாரும் ஏற்பதில்லை. முழுப்படம் ஒன்று, அதனுடன் நடு, இடை, மூலை ஆகிய மூன்று இடங்களிலிருந்து முழு அளவில் வெட்டிய துண்டுகள். வெவ்வேறு மெகாபிக்சல் கேமராக்களில் எடுத்தவை என்றால் இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கிவிட்டு ஒப்பிடுங்கள். கைபேசிச் செய்திச் செயலிகள் படத்தைக் கசக்கிவிடும், அதனால் ஆவணமாக அனுப்புங்கள். ரசிக்க அனுப்பும் படத்துக்கு நீளப்பக்கம் 2,048 பிக்சல், திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளி போதும்.

பெயர் தெரியாமல் ஒப்பிடுவது எங்களுக்கு மிகவும் உதவியது. ஒருவர் மட்டும் லென்ஸ் விவரங்களை வைத்துக்கொண்டு, கோப்புகளுக்கு வெறும் எண்களை இட்டு அனுப்புவார். மற்றவர்கள் தனித்தனியே தீர்ப்பு எழுதி அனுப்ப வேண்டும். ஒருமுறை கேமராவோடு வந்த சாதாரண 18-55 லென்ஸால் எஃப் 8-இல் எடுத்த படத்தை, ஐந்து பேரில் மூன்று பேர் விலையுயர்ந்த லென்ஸ் என்று எழுதினார்கள். அதே லென்ஸ் எதிர்வெயில் படத்தில் ஐந்து பேரிடமும் தோற்றது. இரண்டு முடிவும் உண்மைதான். எந்த வேலைக்கு எது போதும் என்று அன்று தெளிவானது.

தீர்ப்பு சொல்லும் முன் அச்செடுத்துப் பாருங்கள். 18×12 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 5,400×3,600 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா அதைத் தாராளமாகத் தரும். திரையில் பெரிதாக்கிப் பார்த்துச் சண்டையிட்ட வேறுபாடுகளில் பாதி அச்சில் மறைந்துவிடும். மறையாமல் நிற்பவை எதிர்வெயில் வெளுப்பும், ஒரு பக்க மங்கலும், குலுங்கிய டிரைபாடும்.

அச்சுகளை மற்றவர்களிடமும் காட்டுங்கள். ஒரு வயலின் இரண்டு அச்சுகளை அந்த வயலுக்குச் சொந்தக்கார அண்ணாச்சியிடம் கொடுத்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். இரண்டையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, இரண்டிலுமே மடை விழவில்லையே தம்பி, தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லையே என்றார். அடுத்த வாரம் பத்தடி இடப்பக்கம் தள்ளி நின்று, மடையையும் சேர்த்து எடுத்தேன். அந்த வயலில் நான் எடுத்தவற்றுள் அதுவே நல்ல படம்.

எட்டாம் படி: போகும் இடத்தின் ஒழுங்கு

வரப்பில் கால் வைக்குமுன் கேளுங்கள். புதிதாக அணைத்த வரப்பு டிரைபாட் காலுக்கு உடையும். மணிமுத்தாறு, மாஞ்சோலை, முண்டந்துறைப் பக்கமெல்லாம் 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. வனத்துறையின் அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் அவ்வப்போது மாறும், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம், ராம்சார் எனும் உலக ஒப்பந்தத்தின் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற பறவைகள் சரணாலயம். ஊருக்குள்ளேயே மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. தலைமுறைகளாக ஊரே அவற்றைக் காத்துவருகிறது. குளத்தில் பூநாரைகள் இறங்கும்போது அவற்றை வெளிர்சிவப்புக் கோடாக வைத்து, பின்னால் நீரையும் வானத்தையும் எடுப்பது அழகான நிலக்காட்சி. 200 முதல் 400 மி.மீ. வரை, கரையிலிருந்தே. பறக்கவைத்துப் படம் எடுப்பதற்காகக் கை தட்டுபவரோடு எங்கள் வட்டத்தில் யாரும் போவதில்லை. கூடுகளின் படத்தைப் பகிரும்போது கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: திரும்பி வந்ததும்

உவரியிலிருந்து வந்த அன்றே, தூங்குமுன், லென்ஸின் வெளிப்புறத்தை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்துப் பிறகு உலர்துணியால் துடையுங்கள். உப்பு ஒரே இரவில் வேலையைத் தொடங்கிவிடும். தேரியில் லென்ஸை மாற்றவே கூடாது. அந்தச் சிவப்பு மணல் மாவுபோல் நுண்ணியது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். லென்ஸ் கண்ணாடியில் மணல் ஒட்டியிருந்தால் முதலில் ஊதுபந்தால் ஊத வேண்டும். துணி அதற்குப் பிறகுதான். குளிரூட்டிய அறையிலிருந்து சாரலுக்குள் போகும்போது பையை மூடியபடி அரைமணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் லென்ஸில் நீர் முத்து முத்தாகப் படியும்.

சாரல் காலமும் ஐப்பசி மழையும் பூஞ்சைக்கு உகந்தவை. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஒரு சிறு ஈரமானியை வைத்து, ஈரம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தோல் உறைக்குள் லென்ஸை வைத்து அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மாதம் ஒருமுறை, இருட்டறையில், லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து கைபேசி விளக்கை அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல் வெள்ளைக் கிளைகள் தெரிந்தால் அன்றைக்கே அந்த லென்ஸை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி டப்பாவில் வையுங்கள், அந்த வாரமே பழுதுநீக்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.